ஓடிக்கொண்டிருக்கும் சாப்ட்வேர் டீமில் பழக்கங்களை மாற்றுவது எப்படி: எதைத் தொடக்கூடாது, எதை எப்போது தொடலாம் (முழுமையான வழிகாட்டி)

சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் ஒரு மாடியில் உட்கார்ந்து ஒன்பது பேர் பில்லிங், கணக்கு சாப்ட்வேர் செய்கிறோம். வாங்குகிறவர்கள் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகள், ஜவ்வரிசி ஆலைகள், ஜவுளிக் கடைகள். டீமுக்குள் வேலை செய்யும் முறையை நாங்கள் பலமுறை மாற்றியிருக்கிறோம். சில மாற்றங்கள் நின்றன, சில மூன்று வாரத்தில் காணாமல் போயின. புதிதாக லீட் (டீமை நடத்துபவர்) ஆகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்குகிறார்கள்: என்னென்ன மாற்றலாம் என்ற பட்டியலோடு வருகிறார்கள், எது மாறாது என்று யாரிடமும் சொல்வதில்லை. எது மாறாது என்று தெரியாதவரை டீமில் உள்ளவர்கள் எல்லாவற்றையுமே இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள், அதில் தப்பே இல்லை.

கீழே உள்ள படிகளுக்கு ஒரு வரிசை உண்டு. ஏழாவதிலிருந்து தொடங்கினால் வேலைக்கு ஆகாது. நாங்கள் முதல்முறை அப்படித்தான் தொடங்கினோம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, கடந்த மூன்று மாத ரிலீஸ்களின், அதாவது வாடிக்கையாளருக்குப் போன புது வெர்ஷன்களின் பட்டியல். எந்தத் தேதியில் எது போனது, அதில் எது உடைந்தது, சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆனது. இது இல்லாவிட்டால் 'நிலைமை மோசம்' என்று நீங்கள் சொல்வதும் 'நல்லாத்தானே போயிட்டிருக்கு' என்று இன்னொருவர் சொல்வதும் வெறும் அபிப்பிராயம்தான். கிட் வரலாறு (புரோகிராமில் யார் எதை எப்போது மாற்றினார் என்ற பதிவு), டிக்கெட்டுகள் (செய்ய வேண்டிய வேலை, புகார் பற்றிய குறிப்புகள்), வாட்ஸ்அப் குரூப் மூன்றையும் புரட்டினால் ஒரே நாளில் பட்டியல் தயாராகிவிடும்.

இரண்டாவது, பழைய வெர்ஷனுக்குத் திரும்பும் வழி. பத்து நிமிடத்தில் திரும்ப முடியாத டீம் புதியதைக் கண்டு பயப்படுவது நியாயம். மாற்றத்துக்கு எதிர்ப்பு என்று பல இடங்களில் பேசப்படுவது, கிட்டப்போய்ப் பார்த்தால், திரும்பி வர வழியில்லை என்ற பயம்தான். அதனால் முதலில் ரோல்பேக்கைச் சரிசெய்யுங்கள். டேட்டாபேஸ்தான் இதில் பெரும்பாலும் மாட்டும் இடம்: புது ஃபீல்டு சேர்ப்பதை ஒரு ரிலீஸிலும், பழைய ஃபீல்டை நீக்குவதைக் குறைந்தது இரண்டு ரிலீஸ் தள்ளியும் வையுங்கள். நடுவில் பின்னால் போக வேண்டி வந்தால் பழைய கோடு (புரோகிராம் வரிகள்) தேடுகிற இடம் அப்படியே இருக்கும்.

அப்புறம், டீமில் நெடுநாளாக இருப்பவரின் இரண்டு மணி நேரம். கடைசியாக, மேலே இருப்பவரிடமிருந்து 'ஒன்றை நிறுத்தலாம்' என்ற சம்மதம். புதிதாக ஒன்றைச் சேர்க்க யாரும் தடை சொல்ல மாட்டார்கள், ஒன்றை நிறுத்தப் போகும்போதுதான் கதவு மூடும். அதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

2. இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

டீமில் திரும்பத் திரும்ப நடக்கும் காரியங்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். யார் செய்கிறார், எந்தக் கிழமை, எவ்வளவு நேரம், முடிந்ததும் அதை யார் வாங்கிக்கொள்கிறார். விதியில் இருப்பதை விட்டுவிட்டுக் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

எங்கள் விதிப்படி காலை 9.45-க்கு ஸ்டாண்ட்அப், அதாவது தினசரிச் சின்னக் கூட்டம். அங்கே எல்லோரும் 'நேத்து இதைச் செஞ்சேன், இன்னைக்கு இதைச் செய்வேன்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். 'அந்த ரிப்போர்ட்டை இப்ப விட வேண்டாம்', 'அந்த ஆலைக்காரருக்கு வேற மாதிரி செஞ்சு கொடுத்திடலாம்' என்கிற உண்மையான முடிவுகள் எல்லாம் பதினொரு மணிக்குக் கீழே டீக்கடையில் நடந்தன. ஆத்தூரிலிருந்து வீட்டிலேயே வேலை செய்கிற பெண்ணுக்கு அந்த முடிவுகள் மறுநாள்தான் தெரியும், சில நேரம் தெரியவே தெரியாது. ஸ்டாண்ட்அப்பை எத்தனை விதமாக மாற்றிப் பார்த்தாலும் இது சரியாகியிருக்காது. டீக்கடையிலிருந்து மேலே வந்ததும், எடுத்த முடிவை இரண்டு வரியில் குரூப்பில் போடுவது என்று வைத்தோம், சரியானது.

இங்கே செய்யும் வழக்கமான தவறு, ஒரு படிவம் அனுப்பி 'உங்கள் வேலை முறையை எழுதுங்கள்' என்று கேட்பது. எல்லோரும் விதியை எழுதித் தந்துவிடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

3. ஒவ்வொரு பழைய பழக்கத்துக்கும் காரணம் கேளுங்கள்

இந்தப் படியில்தான் நான் அதிகம் அடிபட்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் டெஸ்டர் அக்கா ஒவ்வொரு வியாழக்கிழமையும் நாலு மணிக்கு மூன்று கொலுசுப் பட்டறைக் கணக்கர்களுக்குப் போன் போடுவார். வெள்ளிக்கிழமை போகப்போகிற வெர்ஷனில் அச்சான பில்லைப் படம் எடுத்து அனுப்பி, வரிவரியாக வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். மூன்று பேரும் முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். ஆட்டோமேட்டிக் டெஸ்டுகள் எழுதி முடித்த பிறகு இது எதற்கு என்று நான் நிறுத்திவிட்டேன். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் 'சரிங்க' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை ஒரு பட்டறையிலிருந்து போன். "என்னங்க, கடைசி சைபர் எங்க போச்சு? ஆளுங்க எடையில கை வச்சுட்டோம்னு நிக்கிறாங்க." என்ன நடந்ததென்றால், 125.450 கிராம் என்று அச்சாக வேண்டியது 125.45 என்று அச்சாகியிருந்தது. எண்ணாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், டெஸ்டும் அப்படித்தான் பார்த்துப் பாஸ் சொன்னது. ஆனால் பட்டறையில் வெள்ளியை வாங்கிப்போய் வேலை செய்து திருப்பித் தருகிறவர் தன் சீட்டில் மூன்று இலக்கம் எழுதி வைத்திருக்கிறார், அவர் பார்ப்பது எழுத்தை. எழுத்து மாறினால் அவருக்கு எடை மாறியது போலத்தான். கணக்கர்கள் வாய்விட்டுப் படித்தபோது பிடிபட்டதெல்லாம் இந்த மாதிரி விஷயங்கள்தான், எங்கள் டெஸ்டில் அதற்கு இடமே இல்லை.

சைபரை அன்றே சரிசெய்து அனுப்பினோம். அச்சான பக்கத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் டெஸ்ட் ஒன்றையும் சேர்த்தோம். போனை, அச்சைத் தொடும் ரிலீஸ்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டோம். இப்போது அக்காவுக்கும் வியாழக்கிழமை மிச்சம், பட்டறைகளுக்கும் குழப்பமில்லை.

அதனால் கேட்கிற விதம் முக்கியம். 'இதை ஏன் இன்னும் செய்யறீங்க' என்று கேட்டால் குற்றம் சொல்வது போல் இருக்கும், பதில் வராது. 'இது இல்லாதப்ப என்ன ஆச்சுங்க' என்று கேளுங்கள், ஒரு சம்பவம் வெளியே வரும். சம்பவம் வந்தால் காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கலாம். உயிரோடு இருந்தால் பழக்கத்தை விட்டுவைத்துவிட்டு, அதைச் செய்யும் வழியை வேண்டுமானால் சுருக்குங்கள். காரணம் செத்திருந்தால், உதாரணத்துக்கு எப்போதோ கைவிட்ட ஒரு சர்வருக்காக இன்னும் எடுத்துக்கொண்டிருக்கும் தனி பேக்கப் மாதிரி, தைரியமாக நிறுத்தலாம். யாருக்குமே தெரியவில்லை என்றால்? ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், இரண்டு ரிலீஸ் மட்டும் செய்யாமல் விட்டு, ஒருவர் அதையே கவனித்துக்கொண்டிருக்கட்டும்.

4. மாறாதவற்றை முதலில் சொல்லுங்கள்

எழுதியதையெல்லாம் மூன்று குவியலாகப் பிரியுங்கள்: மாறாதவை, பேசி மாற்றுபவை, யாரையும் கேட்காமல் மாற்றிக்கொள்ளக் கூடியவை.

முதல் குவியல் ஐந்துக்கு மேல் போகக்கூடாது. எங்களுடையது இது: வாடிக்கையாளர் கணக்கை உடைக்கிற ரிலீஸ் உடனே பின்வாங்கப்படும், விவாதமெல்லாம் அப்புறம். பழைய பில் எதுவானாலும் எந்த வெர்ஷனிலும் திறக்கும். இன்னொருவர் கண்ணில் படாமல் எந்தக் கோடும் வெளியே போகாது. தப்பு நடந்தால் எங்கே ஓட்டை என்று தேடுவோம், யார் என்று தேட மாட்டோம். சர்வர் விழுந்தால் தவிர, இரவு ஒன்பது மணிக்கு மேல் யாருக்கும் போன் போகாது. பிரின்டருக்கு மேலே ஒரு ஏ4 தாளில் கையால் எழுதி, தேதி போட்டு ஒட்டியிருக்கிறோம்.

இதை முதலில் செய்வதற்குக் காரணம் உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலைப் பாருங்கள், ஒவ்வொரு வெளியீட்டிலும் உள்ளே ஆயிரக்கணக்கான மாற்றங்கள் போகின்றன. ஆனால் அதன்மேல் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களை உடைக்கக்கூடாது என்பதில் அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விட்டுக்கொடுப்பதில்லை. வெளிப்பக்கம் அசையாது என்ற உறுதி இருப்பதால்தான் உள்ளே அவ்வளவு தாராளமாகக் கைவைக்க முடிகிறது. டீமிலும் அப்படித்தான். இரவில் போன் வராது என்று நம்புகிறவர்தான் ரிலீஸ் கிழமையை மாற்றச் சம்மதிப்பார்.

இங்கே இரண்டு தவறுகளைப் பார்க்கிறேன். ஒன்று, கருவிகளை மாறாதவையில் சேர்ப்பது. இந்த டிக்கெட் சாப்ட்வேர்தான், இந்த மொழிதான் என்பதெல்லாம் வாக்குறுதி ஆகாது, அவை இரண்டாவது குவியல். இன்னொன்று, மூன்றாவது குவியலை வாயால் சொல்லாமல் விடுவது. கோடு எழுதும் எடிட்டர், டெஸ்ட் டேட்டாவின் பெயர்கள், உட்காரும் இடம், தன் வேலையைப் பிரித்துக்கொள்ளும் விதம் இதற்கெல்லாம் அனுமதி வேண்டாம் என்று சத்தமாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் புதிதாக வருகிறவர்கள் ஸ்கிரீன் நிறத்தை மாற்றுவதற்கும் கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

5. மாற்றத்துக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று எண்ணில் பாருங்கள்

'இப்ப மாத்தலாமா, கொஞ்சம் நிதானமாப் போகலாமா' என்ற பேச்சு ஆளுக்கு ஆள் சுபாவத்தைப் பொறுத்து முடிவில்லாமல் போகும். அதை எண்ணாக மாற்றிவிடுங்கள். கூகுளில் சேவைகள் விழாமல் பார்த்துக்கொள்ளும் சைட் ரிலையபிலிட்டி ஆட்கள் பயன்படுத்துகிற எரர் பட்ஜெட் என்ற முறை சின்ன டீமுக்கும் நன்றாகப் பொருந்துகிறது.

கணக்கு எளிது. சேவை 99.9 சதவீத நேரம் ஓட வேண்டும் என்று இலக்கு வைத்தால், 30 நாளில் விழுந்து கிடக்க உங்களுக்கு இருப்பது 43 நிமிடம் 12 விநாடி. 99.5 சதவீதம் என்றால் 3 மணி 36 நிமிடம். அந்த நிமிடங்கள்தான் பட்ஜெட். மிச்சம் இருந்தால் புதியதை முயலலாம், தீர்ந்துவிட்டால் மாதம் முடியும்வரை ஓட்டை அடைக்கும் வேலை மட்டும். நாங்கள் 'பட்டறையில் பில் போட முடியாத நிமிடங்கள்' என்று எண்ணுகிறோம். சர்வர் ஓடிக்கொண்டிருந்தாலும் அச்சு வராவிட்டால் அதுவும் விழுந்ததுதான்.

இதில் எல்லோரும் மறக்கிற பாதி ஒன்று உண்டு. மூன்று மாதம் தொடர்ந்து பட்ஜெட்டைத் தொடவே இல்லை என்றால் அதைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். டீம் தேவைக்கு மேல் பதுங்குகிறது என்று அர்த்தம். தள்ளிப்போட்டு வைத்த மாற்றத்தை எடுக்க அதுதான் சரியான நேரம்.

6. காலண்டரில் தொடக்கூடாத நாட்களை முதலில் குறியுங்கள்

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் பழம் பறித்து முடித்த பிறகுதான் கவாத்து. செடியில் பழம் நிற்கும்போது யாரும் கத்தரிக்கோலை எடுக்க மாட்டார்கள். டீமுக்கும் பழம் நிற்கும் நாட்கள் உண்டு.

எங்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்) ஒவ்வொரு மாதமும் 11-ஆம் தேதி கடைசி, ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் ரிட்டர்ன்) 20-ஆம் தேதி கடைசி. அவற்றுக்கு முந்தைய இரண்டு நாட்களும் வாடிக்கையாளர் போன்கள்தான். மார்ச் 25 முதல் ஏப்ரல் 10 வரை வருடக் கணக்கு முடிப்பு, புது பில் வரிசை. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் ஜவுளிக் கடைகளுக்கு மூச்சு விட நேரம் கிடையாது. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தால் டீமில் பாதிப் பேர் ஊரிலோ கோயிலிலோ இருப்பார்கள், ஆடி 18 அன்று கேட்கவே வேண்டாம். இவை எல்லாவற்றையும் சிவப்பில் அடித்தோம். சிவப்பு நாட்களில் புரோகிராமை மட்டுமல்ல, வேலை செய்யும் முறையையும் மாற்றுவதில்லை. களைத்துப்போன ஆளிடம் புது விதி சொன்னால் அது அவருக்குத் தண்டனை போலத்தான் கேட்கும், பிறகு ஆறு மாதம் கழித்தும் அந்த விதியைப் பற்றி அவருக்கு நல்ல எண்ணம் வராது.

ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றையும் சிவப்பாக்கினால் மாற்றங்கள் குவிந்து, 21-ஆம் தேதி காலையில் பத்தும் ஒன்றாக வெளியே போகும், அதுதான் இருப்பதிலேயே ஆபத்தான நாள். லினக்ஸ் கெர்னலில் இரண்டு வாரம் புதியவற்றை வாங்கிக்கொள்கிறார்கள், அதன்பின் சுமார் ஏழெட்டு வாரம் பிழை திருத்தம் மட்டும், அப்புறம் வெளியீடு. இந்த வண்டி தவறினால் ஒன்பது பத்து வாரத்தில் அடுத்த வண்டி நிச்சயம் வரும் என்று எல்லோருக்கும் தெரிவதால் யாரும் முண்டியடிப்பதில்லை. உங்கள் டீமிலும் அடுத்த வாய்ப்பு எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள், பாதி அவசரம் தானாக அடங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டீம் வெளியூர் போகும் நாளில் எடுக்கும் முடிவுகளை அப்படியே அமலுக்குக் கொண்டுவராதீர்கள். ஏற்காட்டில் குளிரில் உட்கார்ந்து பேசும்போது எல்லாமே முடியும் என்று தோன்றும், அந்த உற்சாகம் நல்லதுதான், எழுதிக்கொண்டு வாருங்கள். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து, திங்கட்கிழமை டிக்கெட் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்து அதே முடிவை மறுபடி படியுங்கள்.

7. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், முடிவுத் தேதியோடு

இப்போதுதான் மாற்றத்துக்கு வருகிறோம். ஒரு தாளில் நாலு வரி: என்ன மாற்றுகிறோம், எதைக் குறைக்க அல்லது கூட்ட, எந்தத் தேதிவரை, எது நடந்தால் அதற்கு முன்பே நிறுத்துவோம்.

எங்கள் தாள் ஒன்றைச் சொல்கிறேன். கோட் ரிவ்யூக்கு (ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்ப்பதற்கு) மூன்று நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. 'காலை முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் ரிவ்யூ மட்டும். ரிவ்யூ காத்திருப்பு ஒரு நாளுக்குள் வர வேண்டும். ஆறு வாரம். வாடிக்கையாளர் போனுக்குப் பதில் தாமதமாகிறது என்று ஒரே வாரத்தில் இரண்டு புகார் வந்தால் நிறுத்துவோம்.' அவ்வளவுதான். நாலாவது வாரத்தில் அந்த இரண்டு புகார் வந்தே விட்டது, காரணம் அந்த ஒரு மணி நேரமும் போன் எடுக்க ஆளில்லை. நிறுத்தினோம், அடுத்த சுற்றில் தினமும் ஒருவர் முறைவைத்துப் போனுக்கு இருப்பது என்று திருத்தி மறுபடி ஆறு வாரம் ஓட்டினோம். அது நின்றது, இன்றைக்கும் நடக்கிறது.

ஒரே மாற்றம் என்பது ஏன்? அதே வாரத்தில் ரிலீஸ் கிழமையையும் மாற்றியிருந்தால் புகார் எதனால் வந்தது என்று எங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆறு வாரம் ஏன்? முதல் இரண்டு வாரம் எந்தப் புதுமுறையும் மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்வது அநியாயம். அதோடு 11, 20 தேதிகளின் நெருக்கடி ஒருமுறையாவது அந்த முறைக்குள் வந்துபோக வேண்டும். நெருக்கடியில் தாங்காத முறை, சும்மா இருக்கும் வாரத்தில் எவ்வளவு நன்றாக இருந்து என்ன பயன்?

பெரிய தவறு, முடிவுத் தேதி போடாமல் 'சும்மா ட்ரை பண்ணிப் பார்ப்போம்' என்பது. அப்படித் தொடங்கியது எதுவும் முடியாது, யாரும் ஒத்துக்கொள்ளாமலே விதியாகிவிடும். அடுத்த முறை நீங்கள் 'சோதனைதான்' என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நாங்கள் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம்: முடிவுத் தேதியில் கூடிப் பேசாவிட்டால் பழைய முறை தானாகத் திரும்பும். அதனால் புதியது வேண்டும் என்கிறவர் எப்படியாவது எல்லோரையும் உட்கார வைத்துவிடுவார்.

8. மறுப்பவரிடம் நிறுத்தும் நிபந்தனையை எழுதச் சொல்லுங்கள்

'வேண்டாம்' என்கிறவரிடம் உங்களுக்குத் தெரியாத தகவல் ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவரைச் சமாதானப்படுத்தப் போகாதீர்கள். "அண்ணா, எது நடந்தா இதை நிறுத்தணும்னு நீங்களே ஒரு வரி எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். மேலே சொன்ன 'இரண்டு புகார்' வரி அப்படி வந்ததுதான், அதை எழுதியவர் அந்த மாற்றமே வேண்டாம் என்று சொன்ன அண்ணன். அவர் பயந்தது நடந்தது, நடந்ததும் பிடிபட்டது, முறையும் திருந்தியது.

நம் ஊர் டீம்களில் இன்னொரு சிக்கல் உண்டு. வயதில் மூத்தவரை அண்ணா, அக்கா என்று கூப்பிடுகிறோம், அந்த மரியாதை நல்லது, அது போகவும் கூடாது. ஆனால் அண்ணன் பேசி முடித்த பிறகு சின்னவர் யாரும் மாற்றிப் பேச மாட்டார். அதனால் கூட்டத்தில் கடைசியாகச் சேர்ந்தவரிடமிருந்து தொடங்குங்கள், லீட் கடைசியில் பேசட்டும். முடிந்தால் கூட்டத்துக்கு முந்தைய நாளே எல்லோரும் இரண்டு வரி எழுதி அனுப்பட்டும். எழுத்தில் வரும் மறுப்பு, வாயில் வருவதைவிட எங்களிடம் கூடுதலாக இருந்தது.

9. பழையதை நிறுத்தும் நாளை முன்பே குறியுங்கள்

புதியது நின்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டு இந்தப் படியை விட்டுவிடுகிறார்கள். எங்களிடம் டிக்கெட் சாப்ட்வேர் வந்த பிறகும் பழைய எக்ஸெல் ஷீட் பதினொரு மாதம் ஓடியது. இரண்டிலும் எழுதினார்கள், இரண்டும் ஒத்துப்போகவில்லை, கடைசியில் எதை நம்புவது என்று போன் போட்டுக் கேட்டுக்கொண்டார்கள்.

பெரிய உதாரணம் வேண்டுமென்றால் பைத்தான் என்ற புரோகிராம் மொழி. பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பரில். பைத்தான் 2-க்கு ஆதரவை 2015-இல் நிறுத்துவதாக இருந்து, பிறகு 2020 ஜனவரி 1 வரை தள்ளிப்போட்டார்கள். பதினோரு வருடம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். உலகம் முழுக்க லைப்ரரி (மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் கோடு) எழுதுகிறவர்கள் இரண்டுக்கும் சேர்த்து எழுத வேண்டியிருந்தது. அங்கே அத்தனை கோடி வரிக் கோடு இருந்தது, அவசரப்பட முடியாது, புரிகிறது. ஒன்பது பேர் டீமில் ஒரு எக்ஸெல் ஷீட்டுக்கு அந்த நியாயம் கிடையாது.

புரோகிராமை மாற்றும்போது வேறு கதை. பனைமரத்தைச் சுற்றி ஆல் வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். விதை பனையின் மட்டை இடுக்கில் விழுந்து, அங்கிருந்து வேர் இறக்கி, மெல்ல மெல்லச் சூழும். பனை அதுவரை நின்றுகொண்டிருக்கும். பழைய சாப்ட்வேரை இப்படித் துண்டு துண்டாக மாற்றும் முறைக்கு இதே வகை மரத்தின் பெயரைத்தான் சாப்ட்வேர் எழுத்தாளர் மார்ட்டின் ஃபவுலர் 2004-இல் வைத்தார். எங்கள் ஸ்டாக் பகுதியை இப்படித்தான் ஒவ்வொரு ஸ்கிரீனாக மாற்றினோம். ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும், பழையது எந்தத் தேதியில் அழிக்கப்படும் என்று டிக்கெட் போட்டு, அழிக்கும் ஆளின் பெயரையும் எழுதினோம். பெயர் இல்லாத டிக்கெட்டை யாரும் எடுப்பதில்லை.

10. வெளியிலிருந்து வரும் மாற்றத்துக்கு இடம் விடுங்கள்

நீங்கள் திட்டமிடாமலே மாற்றம் வரும். பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்யும் இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதல் உள்ளவர்களுக்கு என்று தொடங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு இறங்கியது. எங்கள் வாடிக்கையாளர்கள் அந்தக் கடைசிப் படிகளில்தான் உள்ளே வந்தார்கள். 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் வரி விகித மாற்றத்தை அறிவித்தது, 22-ஆம் தேதி அமல். நடுவில் 19 நாள். ஆயத்த ஆடைக்கு 5 சதவீத வரி 1,000 ரூபாய் வரை என்றிருந்தது 2,500 ரூபாய் வரை என்றானது, அதற்கு மேல் 12 சதவீதம் 18 ஆனது. ஜவுளிக் கடை பில்லில் இது சின்ன வேலையில்லை.

அதனால் வருடத்தில் நாலு வாரத்தை எந்த உள்மாற்றமும் போடாமல் காலியாக விடுங்கள். வெளியிலிருந்து ஏதாவது வந்தால், ஓடிக்கொண்டிருக்கும் சோதனையை அந்தக் கணமே நிறுத்திவிட்டு எல்லோருக்கும் பழக்கமான பழைய முறைக்குப் போங்கள். அந்த 19 நாளும் நாங்கள் புதிதாக எதையும் முயலவில்லை, கை தானாகச் செய்யும் வழியிலேயே செய்தோம். அப்படிப்பட்ட நாளுக்காகத்தான் நிலையான பழக்கங்கள்.

11. புதியவர் சேரும் மாதம்

புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒரு நோட்டு கொடுத்து, 'இது ஏன்' என்று தோன்றுவதையெல்லாம் ஒரு மாதம் எழுதச் சொல்லுங்கள். அந்தக் கண் ஒரு மாதம்தான் இருக்கும், அதன்பின் அவருக்கும் எல்லாம் பழகிவிடும். மாத முடிவில் டீம் முன்னால் படிக்கட்டும். பாதிக் கேள்விக்கு அங்கேயே காரணம் கிடைக்கும், அதில் அவர் டீமைக் கற்றுக்கொள்வார். பதில் கிடைக்காத மீதி, அடுத்த சோதனைக்கான பட்டியல்.

அந்த மாதத்தில் அவர் எதையும் மாற்ற வேண்டாம், ஆனால் முதல் வாரத்துக்குள் ஒரு சின்னத் திருத்தத்தையாவது அவர் கையால் வெளியே அனுப்ப வையுங்கள், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும். ரிலீஸைக் கண்டு பயந்துகொண்டே மூன்று மாதம் கழிக்கும் ஆள், பிறகு எல்லா மாற்றத்துக்கும் பயப்படுவார்.

12. நடுவில் சிக்கிக்கொண்டால்

எல்லோரும் தலையாட்டுகிறார்கள், ஆனால் யாரும் புதுமுறையைச் செய்யவில்லை என்றால், பெரும்பாலும் நீங்கள் எழுதியது விதியை, நடப்பதை அல்ல. இரண்டாவது படிக்குத் திரும்புங்கள்.

ஒரே விவாதம் மூன்றாவது முறையாக வருகிறது என்றால், மாறாதவை தாளில் ஒன்று எழுதாமல் விட்டுப்போயிருக்கிறது. எங்களுக்கு அப்படி வந்தது இரவு போன் விவகாரம். மூன்று மாதம் ரிலீஸ் கிழமையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம், கடைசியில் பார்த்தால் எல்லோருடைய கவலையும் வெள்ளிக்கிழமை இரவு வீட்டில் சாப்பிடும்போது போன் வருவதைப் பற்றித்தான். ஐந்தாவது வரியை எழுதி ஒட்டினோம். அடுத்த வாரமே ரிலீஸ் செவ்வாய்க்கிழமைக்கு மாறியது, யாரும் எதுவும் சொல்லவில்லை.

இரண்டு சோதனை ஒன்றாக ஓடுவது தெரியவந்தால், பின்னால் தொடங்கியதை நிறுத்துங்கள், நல்லதாக இருந்தாலும் சரி. அதன் தாளை சிவப்பு இல்லாத அடுத்த வாரத்துக்கு நேராகக் காலண்டரில் குத்தி வையுங்கள்.